போட்டியா, ரெசிடென்சியா, சொந்தப் பாதையா? ஓர் இளம் குவார்டெட்டின் முதல் ஐந்து வருஷங்கள்

இசைக்கல்லூரியில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய நான்கு பேர் ஒருநாள் முடிவெடுக்கிறார்கள்: இதையே தொழிலாக வைத்துக்கொள்வோம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ: ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழு. அதுவரை எல்லாம் எளிதாக இருந்தது. ஒத்திகை அறை கல்லூரி கொடுத்தது, ஆசிரியர் பக்கத்திலேயே இருந்தார், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவித்தொகை இருந்தது. படிப்பு முடிந்த மறுமாதம் இந்த மூன்றுமே இருக்காது. உலக அரங்குகளில் வாசிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அப்படியே இருக்கும்.

அங்கிருந்து அந்த அரங்குகளுக்குப் போக வழிகள் நாலைந்துதான் உண்டு. பெரிய சர்வதேசப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கலாம். ஒரு பல்கலைக்கழகத்திலோ அகாடமியிலோ ரெசிடென்சி பெற்று, அதாவது அதன் ஆதரவில் தங்கிக் கற்று, இரண்டு வருஷம் உட்கார்ந்து உழைக்கலாம். வானொலியும் அரங்கங்களும் நடத்தும் இளங்கலைஞர் திட்டங்களில் இடம்பிடிக்கலாம். இவை எதற்கும் காத்திராமல் சொந்தமாக இசையை எழுதவைத்து, பதிவுசெய்து, விழா நடத்தி முன்னேறலாம். ஏஜென்சியில் சேர்வதையும் ஒரு வழியாகச் சிலர் நினைக்கிறார்கள்; அது ஏன் அப்படியில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முயன்றால் எதுவும் முழுதாக நடக்காது. நான்கு பேருடைய நேரம்தான் இங்கே முதலீடு. அதை எந்த வருஷம் எதில் போடுவது என்பதுதான் முடிவு.

போட்டி தருவது ஒரு கதவு

கனடாவின் ஆல்பர்ட்டாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் பான்ஃப் கலை மையத்தில், 1983இல் தொடங்கி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஸ்ட்ரிங் குவார்டெட் போட்டி நடக்கிறது. தேர்வாகும் பத்துக் குழுக்களும் ஒரு வாரம் அங்கேயே தங்கிப் பல சுற்றுகள் வாசிக்கின்றன. இறுதிக்கு மூன்று குழுக்கள் போகும். எல்லோரும் 35 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். வாசிக்க வேண்டியவை: ஹைடன், பீத்தோவன், இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று, இதெல்லாம் போக அந்தப் போட்டிக்கென்றே கனடிய இசையமைப்பாளர் ஒருவர் எழுதிய புதிய படைப்பு. வேறு யார் வாசித்தும் கேட்டிராத ஒன்றை நான்கு பேர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று நடுவர்களுக்கு அதில் தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த சுற்று அதுதான்.

2013இல் டோவர் குவார்டெட் அங்கே முதல் பரிசோடு எல்லாச் சிறப்புப் பரிசுகளையும் வாங்கியது. பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கழகத்தில் படித்த குழு அது. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு அவர்கள் நாட்காட்டியே மாறிப்போனது. 2022இல் இசிடோர் குவார்டெட் அங்கே வென்றது. அடுத்த வருஷமே ஏவரி ஃபிஷர் கேரியர் கிராண்ட் என்ற அமெரிக்க உதவித்தொகை கிடைத்தது. லண்டனின் விக்மோர் ஹால் போட்டியில் 2022இல் பெர்லினைச் சேர்ந்த லியோன்கோரோ குவார்டெட் முதல் பரிசோடு ஒன்பது சிறப்புப் பரிசுகளையும் வென்றது. அதே வருஷம் பிபிசியின் நியூ ஜெனரேஷன் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற இளங்கலைஞர் திட்டமும் அவர்களைச் சேர்த்துக்கொண்டது.

இவற்றைக் கேட்டால் போட்டிதான் நேர்வழி என்று தோன்றும். ஆனால் இதே குழுக்கள் தொடங்கிய வருஷங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டோவர் தொடங்கியது 2008இல், பரிசு 2013இல். பிரான்ஸின் எபேன் குவார்டெட் தொடங்கியது 1999இல், மியூனிக்கின் ஏஆர்டி போட்டியில் வென்றது 2004இல். பிராகைச் சேர்ந்த பவெல் ஹாஸ் குவார்டெட் 2002இல் தொடங்கி 2005இல் இத்தாலியின் பாவ்லோ போர்ச்சானி போட்டியில் வென்றது. லியோன்கோரோவும் இசிடோரும் 2019இல் தொடங்கியவை. மூன்று வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை என்பதுதான் அதிகம் தென்படும் இடைவெளி. விலக்குகள் இல்லாமல் இல்லை: கொலோனில் படித்த கொரியர்கள் 2016இல் தொடங்கிய எஸ்மே குவார்டெட் 2018இலேயே விக்மோரில் வென்றது. 1969இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் உருவான டோக்கியோ குவார்டெட் மறுவருஷமே மியூனிக்கில் வென்றது. ஆனால் அவர்கள் அதற்கு முன்பே டோக்கியோவின் தோஹோ பள்ளியில் ஒரே வளர்ப்பில் வளர்ந்தவர்கள்.

ஆகவே, ஒரு வயதுகூட ஆகாத குழு பான்ஃபுக்கு விண்ணப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தோற்பது பெரிய விஷயமில்லை. ஒரு போட்டிக்கான நிகழ்ச்சியைத் தயார்செய்ய மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் நான்கு பேரும் ஒருவரையொருவர் கேட்கக் கற்றுக்கொள்வதை விட்டுவிட்டு, தவறில்லாமல் வாசிப்பதில் மூழ்கிவிடுவார்கள். அடித்தளம் போடாத வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை அது.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஏஆர்டி போட்டி வருஷாவருஷம் நடந்தாலும் வாத்தியப் பிரிவுகள் மாறிமாறி வரும். ஸ்ட்ரிங் குவார்டெட் பிரிவு 2016க்குப் பிறகு 2022இல்தான் வந்தது. ஆறு வருஷ இடைவெளி என்பது பல குழுக்களின் மொத்த ஆயுள். சில போட்டிகளில் நடுவர்கள் முதல் பரிசை யாருக்கும் தராமல் விட்டுவிடுவதும் உண்டு.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பான்ஃபில் ரொக்கமாகத் தரும் முதல் பரிசு 25,000 கனடிய டாலர். நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 6,250. மூன்று வருஷ உழைப்புக்கு அது கூலியே இல்லை. அந்தப் பரிசின் உண்மையான மதிப்பு, கூடவே வரும் கச்சேரிச் சுற்றுப்பயணங்களும் ஒலிப்பதிவும் ரெசிடென்சிகளும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்-பிரைஸ் 2016இல் முதன்முறையாக நடந்தபோது கலிடோர் குவார்டெட்டுக்கு 1,00,000 டாலர் கிடைத்தது. அவ்வளவு பெரிய ரொக்கம் இந்தத் துறையில் அபூர்வம். போட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது தொகையைப் பார்க்காதீர்கள். வென்ற குழுவுக்கு எத்தனை கச்சேரி, எந்த நாடுகளில், எத்தனை வருஷத்துக்கு, பயணச் செலவு யாருடையது என்று பாருங்கள். தோற்ற குழுக்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் கேளுங்கள். எல்லாக் குழுக்களும் பல சுற்று வாசிக்கும் போட்டியில், அரங்கத்தாரும் விழா நடத்துபவர்களும் உங்களை நாலைந்து முறை கேட்டுவிடுகிறார்கள். முதல் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பும் போட்டியில் இருபது முப்பது நிமிஷத்துக்காக விமானம் ஏற வேண்டியிருக்கும்.

ரெசிடென்சி தருவது நேரம்

நான் முதலில் வைப்பது இதைத்தான். ரெசிடென்சி என்றால், ஒரு நிறுவனம் குழுவை முழுக்குழுவாக ஏற்றுக்கொண்டு, தங்கவோ வாழவோ ஏதோ ஒரு ஆதரவு கொடுத்து, மூத்த குழு ஒன்றிடம் கற்கவைப்பது. ஜூலியார்டில் ஒவ்வொரு காலத்திலும் ஓர் இளம் குவார்டெட் பட்டதாரி ரெசிடென்ட் குழுவாக இருக்கும். ஜூலியார்ட் குவார்டெட்டின் நிழலில் வேலை கற்றுக்கொள்ளும். யேல் பல்கலைக்கழகத்தில் அப்படி வரும் இளம் குழு பிரென்டானோ குவார்டெட்டிடம் கற்கிறது. ஐரோப்பாவில் வடிவம் கொஞ்சம் வேறு. ஆம்ஸ்டர்டாமில் குவார்டெட்டுகளுக்கென்றே ஓர் அகாடமி இருக்கிறது. 2004இல் ஆல்பன் பெர்க் குவார்டெட்டின் வயோலா கலைஞர் ஹாட்டோ பேயர்லே தொடங்கிய ஐரோப்பிய சேம்பர் மியூசிக் அகாடமி ஓரிடத்தில் உட்காராமல் நகரம் நகரமாக வகுப்பு நடத்தும். பாரிஸைத் தளமாகக் கொண்ட ப்ரோகுவார்டெட் 1987இலிருந்து இளம் குழுக்களைத் தாங்கிவருகிறது.

ஒரு குவார்டெட்டில் உண்மையில் கற்க வேண்டியது என்ன? சுருதி சேர்ப்பது என்பது ஒரு சொல். நான்கு பேர் ஒரே ஸ்வரத்தை நான்கு விதமாகக் கேட்கிறார்கள், அதை ஒன்றாக்குவது வருஷக்கணக்கான வேலை. வில்லை எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு அதிர்வு கொடுப்பது, யார் மூச்சு எடுத்தால் எல்லோரும் தொடங்குவது. இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது: சண்டை போடக் கற்றுக்கொள்வது. ஒரு பீத்தோவன் படைப்பில் ஒரு பகுதியின் வேகத்தைப் பற்றி காலையில் கடுமையாக வாதாடிவிட்டு, மதியம் சேர்ந்து சாப்பிட்டு, மாலையில் மேடையில் ஒருவரையொருவர் நம்புவது. இது வாரத்துக்கு இரண்டு ஒத்திகையில் வராது. தினமும் நான்கு மணிநேரம், அதுவும் வாடகைக் கவலை இல்லாமல் வேண்டும். பக்கத்து அறையில் முப்பது வருஷம் சேர்ந்து வாசித்தவர்கள் இருந்தால், அவர்களும் இதே வாதத்தைத்தான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று காதால் கேட்கலாம். அந்தத் தைரியத்தை எந்தப் பரிசும் தராது.

இத்தாலியில் 2015இல் தொடங்கிய லே டிமோரே டெல் குவார்டெட்டோ என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பழைய வரலாற்று வீடுகளின் உரிமையாளர்கள் இளம் குவார்டெட்டுகளுக்குத் தங்க இடமும் ஒத்திகைக்கு ஒரு கூடமும் தருகிறார்கள். பதிலுக்குக் குழு அந்த வீட்டிலேயே ஒரு கச்சேரி வாசிக்கிறது. பணம் அதிகம் கைமாறுவதில்லை. ஆனால் சுற்றுப்பயணத்தில் பெரிய செலவான தங்குமிடம் தீர்ந்துவிடுகிறது. சேம்பர் இசை, அதாவது சிறு குழுவாக வாசிக்கும் இசை, பிறந்தது இப்படிப்பட்ட கூடங்களில்தான் என்பதால், சத்தத்தின் அளவு, கேட்பவர் உட்கார்ந்திருக்கும் தூரம் எல்லாமே அந்த இசைக்குப் பொருந்தியிருக்கும். இரண்டாயிரம் பேர் அரங்கத்தில் வாசிப்பதற்கு முன் நாற்பது பேர் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் வாசித்துப் பழகுவது நல்லது.

குறைகளும் உண்டு. ரெசிடென்சி உங்களை வெளியுலகுக்குக் காட்டாது. இரண்டு வருஷம் கழித்து வெளியே வரும்போது நன்றாக வாசிக்கிற, யாருக்கும் தெரியாத குழுவாக இருப்பீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடம் எடுக்கும் வேலை, தனி மாணவர்கள், பள்ளிகளுக்குப் போய் வாசிப்பது என்று நேரம் கரைந்துவிடவும் வாய்ப்புண்டு. ஒப்பந்தத்தில் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் கற்பித்தல் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1975இல் புடாபெஸ்டில் தொடங்கிய டக்காச் குவார்டெட் 1980களில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போய் போல்டரில் தங்கியது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மாறியும் அந்தப் பெயர் அரை நூற்றாண்டாக உயர்ந்தே நிற்கிறது. மாதச் சம்பளமும் நிலையான ஒரு ஊரும் அதற்கு ஒரு பெரிய காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அழைப்பு வந்தால் போகும் திட்டங்கள்

பிபிசி ரேடியோ 3 1999இலிருந்து நடத்தும் நியூ ஜெனரேஷன் ஆர்ட்டிஸ்ட்ஸ், ஐரோப்பியக் கச்சேரி அரங்கங்களின் எக்கோ கூட்டமைப்பு நடத்தும் ரைசிங் ஸ்டார்ஸ், நியூயார்க்கில் லிங்கன் சென்டர் சேம்பர் மியூசிக் சொசைட்டியின் மூன்று வருஷத் திட்டம், பொர்லெட்டி-பூயிட்டோனி அறக்கட்டளையின் விருதுகள். இவை எல்லாம் ஓரளவு பேசப்பட்ட குழுக்களுக்கானவை. சில விண்ணப்பமே ஏற்பதில்லை. அரங்கமோ நிபுணர்களோ பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே இதைத் 'தேர்ந்தெடுக்கும் வழி' என்று சொல்வது சரியில்லை, தகுதியாகி நிற்கலாம், அவ்வளவுதான்.

வந்தால் விடாதீர்கள். பிபிசி திட்டத்தில் இரண்டு வருஷம் ஸ்டுடியோவில் நல்ல ஒலிப்பொறியாளர்களோடு பதிவுசெய்யலாம். அங்கே சந்திக்கிற பியானோக் கலைஞரோடும் பாடகரோடும் சேர்ந்து ஐவராகக் குவிண்டெட் வாசிக்கலாம். எக்கோ திட்டத்தில் ஒரே பருவத்தில் ஐரோப்பாவின் பெரிய அரங்கங்களைச் சுற்றிவரலாம், உங்களுக்கென்று ஒரு புதிய படைப்பும் எழுதப்படும். குவார்டெட் என்றால் வயலின்தான் என்று இவர்கள் நினைப்பதில்லை: பார்சிலோனாவின் கெப்யார்ட் என்ற சாக்சபோன் நால்வர் 2021-22 பருவத்தில் அதில் இருந்தார்கள். பவெல் ஹாஸ் குவார்டெட் போட்டியில் வென்ற இரண்டு வருஷத்தில், 2007இல், எக்கோ, பிபிசி இரண்டிலும் இருந்தது. அதே வருஷம் யானாசெக், ஹாஸ் என்ற இரண்டு இசையமைப்பாளர்களின் படைப்புகள் இருந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டுக்கு கிராமஃபோன் விருது கிடைத்தது. ஒன்று இன்னொன்றை இழுத்துவந்தது.

சொந்தப் பாதை

1973இல் சியாட்டிலில் டேவிட் ஹாரிங்டன் தொடங்கிய க்ரோனோஸ் குவார்டெட் போட்டிகளின் வழியே வளரவில்லை. தங்களுக்காகப் புதிய இசையை எழுதச்சொல்லிக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள், இன்று அந்தக் கணக்கு ஆயிரம் படைப்புகளைத் தாண்டிவிட்டது. அதற்கென்று லாபநோக்கமற்ற அமைப்பு ஒன்றும் வைத்து நன்கொடையில் நடத்துகிறார்கள். 1990களில் உருவான எய்த்த் பிளாக்பேர்ட் என்ற அறுவர் குழுவும் புதிய இசையையே முகவரியாக்கிக்கொண்டது. வயலினும் செல்லோவும் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் பியானோவும் தாளவாத்தியமும் கலந்த அப்படி ஒரு குழுவுக்குப் பழைய படைப்புகள் ஏறக்குறைய இல்லை. எழுதவைப்பது அவர்களுக்கு விருப்பம் அல்ல, தேவை. உட்விண்ட் குவிண்டெட், சாக்சபோன் குவார்டெட், பெர்கஷன் குழு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஹைடனும் பீத்தோவனும் உங்களுக்காக எழுதிவைக்கவில்லை என்றால், முதல் வருஷத்திலிருந்தே இந்தப் பாதையைத் தொடங்குங்கள்.

ஸ்ட்ரிங் குவார்டெட்டின் நிலை வேறு. அட்டாக்கா குவார்டெட்டைப் பாருங்கள். 2003இல் ஜூலியார்டில் தொடங்கினார்கள். 2011இல் ஒசாகா போட்டியில் முதல் பரிசு. அதன்பின் ஜூலியார்டிலேயே பட்டதாரி ரெசிடென்சி. ஆனால் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது 2020இல், இசையமைப்பாளர் கெரோலைன் ஷாவின் படைப்புகளை மட்டுமே கொண்ட இசைத்தட்டுக்கு கிராமி கிடைத்தபோது. பதினேழு வருஷம். டேனிஷ் ஸ்ட்ரிங் குவார்டெட்டும் 2009இல் லண்டன் போட்டியில் வென்றது, பிறகு பிபிசி திட்டத்துக்கும் போனது. ஆனாலும் பலர் அவர்களை முதலில் கேட்டது 2014இல் வந்த நாட்டுப்புற இசைத்தட்டில். அதை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தங்களுக்குப் பிடித்திருந்ததால் செய்தார்கள். 2007இலிருந்து சொந்தமாக ஒரு விழாவும் நடத்துகிறார்கள்.

இந்தப் பாதையின் கஷ்டம், ஆரம்பத்தில் எல்லாச் செலவும் உங்களுடையது. பதிவு, இசையமைப்பாளருக்கான சம்பளம், அரங்க வாடகை. வாரத்துக்கு இரண்டு நாள் மின்னஞ்சல் எழுதுவதிலேயே போய்விடும்; அது பெரும்பாலும் நால்வரில் ஒருவர் தலையில் விழும். அவருக்கு அந்த நேரத்துக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பல குழுக்கள் உடைகின்றன.

ஏஜென்ட், விசா, ஐந்தாவது இருக்கை

ஏஜென்ட் கச்சேரியை உருவாக்குவதில்லை, இருக்கும் ஆர்வத்தை ஒழுங்குபடுத்துகிறார். வழக்கமாகக் கச்சேரித் தொகையில் 15 முதல் 20 சதவீதம் கமிஷன். வருஷத்துக்குப் பத்துக் கச்சேரி வைத்திருக்கும் குழுவுக்கு அவரால் அதிகம் செய்ய முடியாது. மாதாமாதம் முன்பணம் கேட்கிற ஒப்பந்தம் என்றால் இன்னும் கவனமாக இருங்கள். தேதிகள் மோதத் தொடங்கும்போது ஏஜென்ட் தேவை, அதற்கு முன் வேண்டாம்.

அமெரிக்காவுக்குக் குழுவாகப் போக பி-1 (P-1) விசா இருக்கிறது. அதற்கு இரண்டு விஷயம் நிரூபிக்க வேண்டும்: குழுவுக்குச் சர்வதேச அங்கீகாரம் உண்டு, உறுப்பினர்களில் 75 சதவீதம் பேராவது குறைந்தது ஒரு வருஷமாகக் குழுவில் இருக்கிறார்கள். முதலாவதற்குப் போட்டிப் பரிசு நல்ல சான்று. இரண்டாவதில்தான் கணக்கு இருக்கிறது. குவார்டெட்டில் ஒருவர் மாறினால் மூன்று பேர் பழையவர்கள், சரியாக 75, தப்பித்துவிடலாம். இருவர் மாறினால் முடியாது. மூவர் மட்டுமே இருக்கும் பியானோ ட்ரியோவில் ஒருவர் மாறினாலே 67க்கு இறங்கிவிடும். அப்புறம், அமெரிக்காவில் சம்பாதிப்பதில் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு வழக்கமாக 30 சதவீதம் வரி பிடித்துக்கொள்கிறார்கள். அதைக் குறைக்க முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள் என்ற வரம்பு இருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் குழுக்களும் இதைக் கணக்கிட்டுத்தான் பயணம் போடுகின்றன. நான்கு பேருக்கு ஐந்து டிக்கெட் என்பதும் மறக்கக்கூடாத செலவு: செல்லோவுக்கும் ஒரு இருக்கை வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? குழு தொடங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை என்றால், கிடைக்கிற சிறந்த ரெசிடென்சியை எடுங்கள், அது புகழ்பெற்றதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆசிரியர் யார் என்று மட்டும் பாருங்கள். மூன்றாவது வருஷம் தொடங்கி ஒரு பெரிய போட்டிக்கு, அதிகபட்சம் இரண்டுக்கு, முழுத் தயாரிப்போடு போங்கள். அதே காலத்தில் உங்களுக்காக எழுதப்பட்ட ஒரு படைப்பாவது கையில் இருக்கட்டும், போட்டி முடிந்து "இவர்கள் யார்?" என்று ஓர் அரங்கத்தார் கேட்கும்போது சொல்ல உங்களுக்கென்று ஒன்று வேண்டும். ஏற்கெனவே 32, 33 வயதில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் போட்டியை விட்டுவிட்டு நேரே சொந்தப் பாதைக்குப் போவதே நல்லது.

இந்தத் திட்டம் முழுதும் நால்வரும் சேர்ந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நான்கு பேரில் ஒருவருக்கு நல்ல ஆர்கெஸ்ட்ரா வேலை, நிரந்தரச் சம்பளத்தோடு, என்றாவது ஒருநாள் வரும். அது துரோகமும் இல்லை, தோல்வியும் இல்லை. அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே, இன்னும் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் காலத்திலேயே, ஒரு மாலை உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: விலகுபவர் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், குழுவின் பெயர் யாருக்கு, ஒப்புக்கொண்ட கச்சேரிகளை யார் வாசிப்பது, பதிவுகளிலிருந்து வரும் பணம் எப்படிப் பிரியும், புதியவரை யார் தேர்ந்தெடுப்பது.